கல்யாணத்துக்குப் பிறகு எட்டு நிமிடம்

டேப் அறைக்காரர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த அறையில் நாற்காலி இருந்தால் அல்லவா? தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரி, அலமாரி முழுக்கத் தடித் தடியான வீடியோ கேசட்டுகள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. ஊசி ஒருக்களிக்காமலே போனாள். அந்தப் பெயர் அவள் உடம்பைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்பதில் அவர்கள் அலுவலகத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அலுவலகத்தில் இருப்பதே இரண்டு பேர்தான்.

இன்னொருவர் தராசு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் 'ஆள் நிஜமாகவே செத்தாரா' என்று விசாரித்துவிட்டு, வெளியே வந்து துப்பறியும் போர்டு மாட்டியவர். எதிரில் யார் அழுதாலும் முதலில் அந்த அழுகையை எடைபோட்டுப் பார்ப்பார். அந்தப் புண்ணியத்தில் கிடைத்த பெயர்.

இருவருக்கும் பின்னால், கதவருகே, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றவள் கட்சிக்காரி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள், வயது இருபத்தொன்று. அவளுடைய அப்பா பதினாறு வருஷமாக ஆயுள் கைதி. வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளியை இரவு எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மண்டையில் அடித்துக் கொன்றார் என்பது வழக்கு. "அந்த நேரத்துல நான் டி.வி. நிலையத்துல இருந்தேன். வினாடி வினா நேரடி ஒளிபரப்பு, பார்வையாளர்ல மூணாவது வரிசை. டேப்பைப் போட்டுப் பாருங்க" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். நிலையம் கோர்ட்டுக்கு ஒரே வரியில் பதில் எழுதியது: டேப் அழிக்கப்பட்டுவிட்டது. அதோடு கதை முடிந்தது. வரும் புதன்கிழமை கடைசி மனு விசாரணைக்கு வருகிறது. இன்று திங்கள்.

"எங்கம்மா இதே ரூம்லதான் கிளார்க்கா இருந்தாங்க," என்றாள் அந்தப் பெண். "மூணு நாள் சல்லடை போட்டுத் தேடினாங்க. ரெண்டே நாள்ல அழிச்சுட்டாங்களாம், போலீஸ் அப்பாவைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே. அம்மா இன்னிக்கும் அதைச் சொன்னா அழுவாங்க."

தராசு தலையை ஆட்டினார். டேப் அறைக்காரரிடம் திரும்பினார்.

"எதுக்கு சார் அழிச்சாங்க?"

"எதுக்கு அழிக்கலைன்னு கேளுங்க. புது டேப் யானை விலை. வாங்கறதுக்கு மேல ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. அதனால பழசு மேலயே புதுசு. ஒரே டேப்ல இந்த மாசம் பாட்டு, அடுத்த மாசம் மல்யுத்தம், அதுக்கடுத்த மாசம் ஆஸ்பத்திரி திறப்பு விழா."

"நல்லவேளை, டேப்புக்கு ஞாபகம் கிடையாது," என்றாள் ஊசி. "இருந்தா என்னிக்கோ பைத்தியம் பிடிச்சிருக்கும்."

டேப் அறைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு மரப்பெட்டியை இழுத்து வைத்தார். உள்ளே அட்டைகள். ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு அட்டை. எந்தத் தேதியில் எது பதிவானது என்று பென்சிலில் எழுதி, அழித்ததும் அந்த வரியையும் ரப்பரால் அழித்துவிடுவார்களாம். அட்டைக்கும் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று ஊசி நினைத்துக்கொண்டாள்.

தராசு அந்த வருஷத்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஐம்பது, அறுபது அட்டை போயிருக்கும். நானூற்றுப் பன்னிரண்டாம் எண் அட்டையில் அவர் கை நின்றது.

"ஊசி, இங்க வா. என்ன தெரியுது?"

"மேல நாலு வரி லேசா அழிச்சிருக்கு. கீழ ஒரு வரியில..." அவள் கண்ணைச் சுருக்கினாள். "அது வரி இல்ல பாஸ், ஓட்டை. பேப்பர் கிழியற வரைக்கும் தேய்ச்சிருக்காங்க."

"ஓட்டைக்கு ஓரத்துல?"

பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் மிச்சமிருந்தது. '...வினா, நூறாவது'. அந்தப் பெண்ணின் அப்பா போனதாகச் சொன்னது அந்த நூறாவது நிகழ்ச்சிக்குத்தான்.

"ஒரு குமாஸ்தா தினமும் பத்து வரி அழிப்பா. அது வேலை," என்றார் தராசு. "ஒரே ஒரு வரியை மட்டும் இப்படித் தேய்ச்சா, அது வேலை இல்ல. கோபம்."

ஓட்டைக்கு அடுத்த வரி பென்சில் இல்லை, பேனா. 'முதலாளி வீட்டுத் திருமணம். அழிக்கக் கூடாது.' அதற்குக் கீழே வெறும் அட்டை.

"எங்க டி.வி. நிலையத்து முதலாளி மகள் கல்யாணம்," என்றார் டேப் அறைக்காரர். "எங்க கேமரா வண்டிதான் போச்சு. டேப் அவங்க வீட்டுலயே இருக்கு."

"அழிக்கறதுன்னா எப்படி? காட்டுங்க."

அவர் மூலையில் இருந்த கனமான பெட்டியைத் தட்டினார். "இது காந்தம். இதுல ஒரு நிமிஷம் வச்சா டேப் சுத்தமா காலி. ஆனா அவசரத்துக்கு இதுல வைக்காம நேரா மேலயே பதிவு பண்றதும் உண்டு. அப்ப புதுசு ஓடற வரைக்கும்தான் பழசு போகும். புதுசு சின்னதா இருந்தா கடைசியில பழசு கொஞ்சம் தொங்கும். வால்னு சொல்வோம்."

கதவருகே நின்றவள் முதல் முறையாக ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ரொம்ப ஆசைப்படாதம்மா," என்றாள் ஊசி. "டேப் ஒரு மணி நேரம். முதலாளி வீட்டுக் கல்யாணம் ஒரு மணி நேரத்துல முடியுமா? மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கவே அரை மணி ஆகும்."

---

நிலைய முதலாளியின் மகளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. பெரிய வீடு, காலியான வீடு. வந்தவர்கள் கேட்டதைக் கேட்டதும் அவள் சத்தமாகச் சிரித்தாள்.

"என் கல்யாண டேப்பா? கல்யாணம் பதினோரு மாசம் ஓடிச்சு. டேப் பதினாறு வருஷமா அலமாரியில படுத்திருக்கு. ரெண்டுல எது உருப்படியோ அதைப் பாருங்க."

"எத்தனாம் தேதி கல்யாணம்?" என்றார் தராசு.

"பதினாலு. மறக்க முடியுமா?"

"கடைசிவரைக்கும் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"அந்த ஆள் மூஞ்சி வர்ற இடத்துல நிறுத்திடுவேன். அது மூணாவது நிமிஷம்."

அவளுடைய அப்பா விட்டுப்போன பழைய பிளேயர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. தூசி தட்டி, டேப்பை உள்ளே தள்ளினார்கள். மாலை, மத்தளம் எல்லாம் வேக ஓட்டத்தில் பறந்தன. ஐம்பதாவது நிமிஷத்தில் பந்தலில் கைகலப்பு. மாப்பிள்ளையின் அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கினார்.

"சம்பந்திச் சண்டை," என்றாள் மணப்பெண்ணாக இருந்தவள். "எங்கப்பா கேமராவை நிறுத்துடான்னு கத்தினார். அதோட படம் காலி."

ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் படம் நின்றது. புள்ளி புள்ளியாக இரைச்சல். திரை ஒரு முறை உருண்டது. நடுவில் ஒரு மேடை வந்தது.

வினாடி வினா.

நடத்துநர் சிரித்தபடி, "நூறாவது நிகழ்ச்சி, இன்னும் எட்டு நிமிஷம்தான் இருக்கு" என்றார். அவர் தலைக்குப் பின்னால் ஆளுயரக் கடிகாரம் ஒன்று எட்டாவதற்கு எட்டு நிமிஷம் காட்டியது. அச்சகம் ஊரின் மறுகோடியில்.

கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசை.

"அப்பா!" என்றாள் அந்தப் பெண். தரையில் மண்டியிட்டுத் திரையைத் தொட்டாள். "இதோ அப்பா! எங்கப்பா! பாருங்க, பாருங்க சார்!"

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது, கட்டுமஸ்தான ஆள். பக்கத்து இருக்கையில் ஒரு இளம்பெண். அவள் ஒரு மிட்டாயின் உறையைப் பிரித்தாள். பிரித்து அவர் வாயில் போட்டாள். பிறகு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் அவள் விரல்களைக் கோத்துப் பிடித்தார். கேமராமேனுக்கு அந்த ஜோடி பிடித்துவிட்டது போலிருக்கிறது. எட்டு நிமிஷத்தில் நான்கு முறை அவர்களிடம் வந்தார்.

லென்ஸ்காரப் பெண்ணின் கை திரையிலிருந்து மெல்ல இறங்கியது.

"யாரும்மா அது?" என்றார் தராசு. பல் வலி இருக்கிறதா என்று கேட்கிற குரலில்.

"சித்தி," என்றாள் அவள். "அம்மாவோட தங்கச்சி." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா ஷிஃப்டுக்குப் போயிடுவாங்க, என்னை வளத்ததே சித்திதான். மாசா மாசம் என்னை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறதும் அவங்கதான்," என்றாள்.

மணப்பெண்ணாக இருந்தவள் பிளேயரை நிறுத்தினாள். "என் கல்யாணமே தேவலை போலிருக்கு," என்றாள் மெதுவாக.

---

தெருவில் ஊசி தன் பாஸின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பெண் முன்னால், தூக்கத்தில் நடப்பவள் போலப் போய்க்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"பாதி தெரியும். கோர்ட்டுல அவரை மூணு தடவை கேட்டாங்க, உன்கூட யார் வந்ததுன்னு. மூணு தடவையும் பேசாம நின்னார். தனியா போனவன் 'யாரும் இல்ல'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிருப்பான்."

"அப்ப எதுக்கு அந்தப் பொண்ணை அங்க கூட்டிட்டு வந்தீங்க? நாம பாத்துட்டுப் பக்குவமா சொல்லியிருக்கலாமே."

"திரையில இருக்கறது யாருன்னு எனக்கு யார் அடையாளம் சொல்வா?"

ஊசி வாய்வரை வந்ததை விழுங்கினாள். மாதச் சம்பளக்காரர்கள் விழுங்க வேண்டியது நிறைய உண்டு.

"மீதிப் பாதி?"

"கணக்குப் போடு. நிகழ்ச்சி நாலாம் தேதி. ஆறாம் தேதி அவரைப் பிடிச்சாங்க. கல்யாணம் பதினாலு. டேப்புல வினாடி வினாவுக்கு மேல நேரா கல்யாணம். நடுவுல காந்தமும் இல்ல, வேற பதிவும் இல்ல. அப்ப ரெண்டே நாள்ல அழிச்சது யாரு?"

ஊசி நின்றுவிட்டாள். யாரும் அழிக்கவில்லை. அவர் லாக்கப்பில் கத்திக்கொண்டிருந்த எட்டு நாளும் டேப் முழுசாக, அலுங்காமல் குலுங்காமல் இருந்திருக்கிறது. அது இருந்த அறையில் தேடியவள் ஒரே ஒருத்தி, அந்தப் பெண்ணின் அம்மா.

"பாஸ், வேண்டாம். டேப் கிடைச்சாச்சு. இதோட வக்கீல்கிட்ட போயிடலாம்."

"போகலாம். 'இது முன்னாடியே எடுத்த படம், அன்னிக்கு ஒளிபரப்பினது மட்டும்தான்'னு எதிர்க்கட்சி வக்கீல் சொல்வார். நேரடியாத்தான் வந்துச்சு, நான்தான் பதிவு பண்ணேன்னு கூண்டுல ஏறி ஒருத்தர் சொல்லணும். மிஷின்ல உக்கார்ந்தவங்க மூணு பேர்ல ரெண்டு பேர் செத்தாச்சு. மிச்சம் அந்த அம்மா மட்டும்தான்."

---

இரண்டு அறை வீடு. அம்மா தரையில் உட்கார்ந்து, கிழிந்த படுக்கை விரிப்பொன்றைக் கத்தரிக்கோலால் கரித்துணிகளாக வெட்டிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. இருந்தும் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"கிடைச்சுடுச்சா?" என்றாள்.

"எட்டு நிமிஷம்," என்றார் தராசு.

"எட்டா?" அவள் புருவம் உயர்ந்தது. "முதலாளி வீட்டுக் கல்யாணம், ஒரு மணி நேரம் முழுசா ஓடிடும்னு நினைச்சேன்."

மகளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது.

"காந்தத்துல வச்சிருந்தா இந்த எட்டும் இருந்திருக்காது. ஏன் வைக்கல?" என்றார் தராசு.

"வண்டிக்காரன் வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே நின்னான். கல்யாணத்துக்கு டேப், கல்யாணத்துக்கு டேப்னு. என் டிராயர்ல இருந்ததை எடுத்துக் குடுத்துட்டேன்."

"அலமாரியில நூறு டேப் இருந்திருக்குமே."

"இருந்துச்சு." அவள் ஒரு துணியை மடித்து வைத்தாள். "அன்னிக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். கூட வேலை பாக்கறவ குழந்தைக்குக் காய்ச்சல்னு மாத்திக்கிட்டேன். அவருக்குத் தெரியாது. நான் மிஷின்ல உக்கார்ந்து பதிவு பண்றேன், எதிர்ல டி.வி.யில என் புருஷனும் என் தங்கச்சியும். அந்த நிகழ்ச்சி டிக்கெட்டை அவளுக்கு வாங்கிக் குடுத்ததே நான்தான். சிநேகிதியோட போறேன்னு சொன்னா."

"அப்பா கொலை பண்ணலைன்னு உனக்குத் தெரியும்," என்றாள் மகள்.

"என்னைவிட நல்லா யாருக்குத் தெரியும்? என் கண்ணால பாத்தேனே."

"பதினாறு வருஷம் அம்மா!"

"குடுத்திருப்பேன்டி." முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "எட்டு நாள் டிராயர்ல வச்சிருந்தேன். தினமும் சாப்பாட்டு நேரத்துல போட்டுப் பாத்தேன். புருஷன் தப்பு பண்ணா செருப்பால அடிக்கலாம், ஜெயில்ல போட முடியுமான்னு எனக்கே தோணிச்சு. அப்பதான் லாக்கப்புல போய்ப் பாத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'டேப்பை எடுத்து நேரா வக்கீல்கிட்ட குடு. நீ போட்டுப் பாக்காத. நான் தனியாத்தான் உக்கார்ந்திருந்தேன்.' என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னார். தனியாத்தான்னு. மறுநாள் கல்யாணத்துக்கு டேப் கேட்டாங்க."

ஊசி தன் வாழ்நாளில் ஒரு கிண்டலும் தோன்றாத இடம் இதுதான் என்று உணர்ந்தாள். அந்த அம்மாவைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது முந்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

தராசுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "புதன்கிழமை வந்து சொல்லணும்," என்றார். "நேரடி ஒளிபரப்பு, பதிவு பண்ணது நான்னு. சாட்சியை மறைச்சதுக்கு உங்க மேல வழக்கு வரும். உள்ள போக வேண்டியிருக்கும்."

"வரேன். அவர் வெளிய வர்ற வாசல் வழியா நான் உள்ள போறேன். எனக்கு ஒண்ணுமில்ல."

"உங்க தங்கச்சி முகத்தை மறைச்சுக் காட்டச் சொல்லலாம். வக்கீல் கேட்டா ஜட்ஜ் ஒத்துக்குவார்."

"கூடாது." கத்தரிக்கோல் தரையில் வைக்கப்பட்டது. "எட்டு நிமிஷமும் முழுசா ஓடணும். பெரிய திரையில. ஒரு இடம் மறைக்கக் கூடாது, வெட்டக் கூடாது. அவ, அவ புருஷன், அவ ரெண்டு பிள்ளைங்க, எல்லாரும் அங்க உக்கார்ந்து பாக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டாதான் நான் கூண்டுல ஏறுவேன். இல்லைன்னா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. வயசாயிடுச்சு."

"அந்தப் பிள்ளைங்க என்னங்க பண்ணிச்சு?" என்றாள் ஊசி, தன்னை மீறி.

"என் பிள்ளை என்ன பண்ணிச்சு?"

ஊசி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அப்பா வேண்டுமானால் சித்தியைக் கொடுக்க வேண்டும். தலை வாரிவிட்டவள், காய்ச்சலில் கூட உட்கார்ந்தவள், மாதாமாதம் சிறைக்குப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். ஒரு ராத்திரியாவது யோசிக்கட்டும், நாளை ஒரு நாள் இருக்கிறதே என்று சொல்ல ஊசி வாயைத் திறந்தாள்.

"சரி," என்றாள் பெண்.

அவ்வளவுதான். லென்ஸின் நம்பர் சொன்னால் கடையில் சொல்கிற 'சரி' மாதிரி. தராசுகூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். "சித்தி," என்றாள். காதில் வைத்தாள். பழைய போன், எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னடி ஆச்சு? டேப் விஷயமா போனியே, ஏதாவது தெரிஞ்சுதா?"

பதினாறு வருஷமாகக் கேட்கிற கேள்வி. பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்திருந்தாள் அந்தப் பெண். இப்போது அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். அவசரமே இல்லாமல் கேட்டாள்.

"இல்ல சித்தி. சுத்தமா அழிச்சிட்டாங்களாம். ஒண்ணும் மிஞ்சல."

எதிர்முனையில் ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. சுவரோரம் நின்ற ஊசிக்கே அது கேட்டது.

"அடப் பாவமே," என்றாள் சித்தி. "உங்கப்பாவுக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்டி. மனசைத் தேத்திக்கோ."

"தேத்திக்கிட்டேன் சித்தி. புதன்கிழமை கோர்ட்டுக்கு வந்துடுங்க. இனிமே அப்பாவை எப்பப் பாக்கப் போறோமோ தெரியல. சித்தப்பாவையும் கூட்டிட்டு வாங்க. பிள்ளைங்களுக்கு லீவு போட்டுடுங்க, பெரியப்பாவை ஒரு தடவை பாத்துக்கட்டும்."

"கண்டிப்பாடி. எல்லாரும் வரோம். உனக்கு நாங்க இல்லாம யாரு?"

"முன் வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறேன் சித்தி. அங்கிருந்து நல்லா தெரியும்."